கோப்பையின் அடியில் யார் பேர்?

பல நாடுகளிலிருந்து நேரலையில் இணைந்திருக்கிறீர்கள். சிலருக்கு இது காலைக் காபி நேரம், சிலருக்கு இரவுச் சாப்பாடு முடிந்த நேரம். கையில் கோப்பையோடு உட்கார்ந்திருப்பவர்கள் அதைப் பக்கத்திலேயே வைத்திருங்கள். இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

ஊரிலிருந்து கிளம்பும்போது அம்மா என் பெட்டிக்குள் இரண்டு எவர்சில்வர் டம்ளர் வைத்து அனுப்பினார். இரண்டிலும் விளிம்புக்குக் கீழே பேர் வெட்டியிருக்கும். அம்மாவின் அத்தை பேர், கூடவே கல்யாணத் தேதி. பாத்திரக்கடை வாசலில் சின்ன மிஷினோடு உட்கார்ந்திருப்பவர் புள்ளிபுள்ளியாக வெட்டிக் கொடுத்தது. உங்களில் பலர் வீட்டிலும் அப்படி ஒரு டம்ளரோ தூக்கோ இருக்கும். அந்த டம்ளரைச் செய்தது யார் என்று நான் யோசித்ததே இல்லை. நமக்குப் பாத்திரத்தில் பேர் என்றால் கொடுத்தவர் பேர், இல்லையென்றால் வீட்டுக்காரர் பேர்.

இங்கிலாந்துக்கு வந்து சில வருஷம் கழித்து ஒரு சாரிட்டி ஷாப்பில் ஒரு தேநீர்க் கோப்பையும் சாசரும் வாங்கினேன். இரண்டு பவுண்டு. கல்லாவில் இருந்த வயதான பெண்மணி அதைக் காகிதத்தில் சுற்றுவதற்கு முன் சட்டென்று கவிழ்த்து அடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையாட்டினார், நல்ல பொருள்தான் என்பது போல. அந்தத் தலைமுறை ஆங்கிலேயர்களிடம் இந்தப் பழக்கம் உண்டு. விருந்துக்குப் போன இடத்திலும், யாரும் பார்க்காதபோது சாசரைத் திருப்பிப் பார்ப்பார்கள்.

வீட்டுக்கு வந்து நானும் திருப்பினேன். மூன்று விஷயங்கள் இருந்தன. பச்சை மையில் ஒரு கிரீடமும், ‘கோப்லண்ட்ஸ் சைனா, இங்கிலாந்து’ என்ற அச்சும். அதற்குக் கொஞ்சம் தள்ளி, சிவப்பில் தூரிகையால் கையால் எழுதிய ஒரு எண். எண்ணுக்குப் பக்கத்தில், பார்த்தால் தூசி என்று தோன்றக்கூடிய இரண்டு சிவப்புப் புள்ளிகள். இந்த மூன்றையும் படிக்க எனக்குச் சில ஆண்டுகள் ஆயின. பச்சை அச்சு ஒரு கம்பெனியின் கதை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கோப்லண்ட் என்ற அந்தப் பெயருக்குள் இன்னொரு பெயர் ஒளிந்திருக்கிறது: ஸ்போட். ஜொசையா ஸ்போட் 1733இல் ஸ்டாஃபோர்ட்ஷயரில், இன்று ஸ்டோக்-ஆன்-டிரென்ட் என்ற நகரத்துக்குள் அடங்கிவிட்ட லேன் டெல்ஃப் என்ற இடத்தில் பிறந்தார். ஆறு வயதில் அப்பா இறந்துபோனார். ஊர்ச் செலவில், அநாதைகளைப் புதைக்கும் குழியில் அடக்கம் செய்தார்கள். பையன் குயவர் பட்டறைக்கு வேலைக்குப் போனான். 1749இல், பதினாறு வயதில், தாமஸ் வீல்டன் என்ற பெரிய குயவரிடம் சேர்ந்தான். வீல்டனின் கணக்கு நோட்டு இன்றும் இருக்கிறது. வாரம் இரண்டு ஷில்லிங் மூன்று பென்னி, தகுதி இருந்தால் இன்னும் மூன்று பென்னி சேர்த்து, என்று அந்தப் பையனுக்குக் கூலி குறித்திருக்கிறார். முழுப் பெயர்கூட எழுதவில்லை, ஜொசையா என்பதைச் ‘சையா’ என்று சுருக்கியிருக்கிறார். உலகத்தின் பெரும் பீங்கான் பெயர்களில் ஒன்று அரைப் பெயராக ஒரு கூலி நோட்டில்தான் தொடங்குகிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1776இல் ஸ்டோக்கில் ஒரு பட்டறையை ஸ்போட் சொந்தமாக வாங்கினார். அதே இடத்தில், இருநூறு ஆண்டுக்கு மேல், 2008 வரை வேலை நடந்தது. மகன், இரண்டாம் ஜொசையா, லண்டனில் கடையைப் பார்த்துக்கொண்டார். அப்பா மண்ணைப் பிசைந்தார், மகன் வாங்குபவர்களின் முகத்தைப் பார்த்தார். அந்த வீட்டின் வெற்றிக்கு இந்தப் பங்கீடு ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். லண்டன் சீமாட்டிகளுக்கு என்ன வேண்டும் என்பது வாரா வாரம் கடிதத்தில் ஸ்டோக்குக்குப் போய்விடும்.

அவர்களுக்கு வேண்டியது சீனப் பீங்கான். வெள்ளையாக, மெல்லியதாக, வெளிச்சத்தில் பிடித்தால் விரலின் நிழல் தெரிவதாக இருக்க வேண்டும். நம் மொழியில் ‘பீங்கான்’ என்ற சொல்லே கப்பலேறி வந்ததுதான். பாரசீகத்திலும் இருக்கிறது, மலாயிலும் ‘பிங்கான்’ என்றால் தட்டு. இலங்கைத் தமிழர்கள் இன்றும் சோற்றுத் தட்டைப் பீங்கான் என்கிறார்கள். ஆங்கிலத்தில் அதைவிட நேர்: பொருளின் பெயரே ‘சைனா’. ஒரு நாட்டின் பெயரைப் பாத்திரத்துக்கு வைத்துவிட்டு, அதை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரியாமல் ஐரோப்பா இருநூறு ஆண்டு தவித்தது. ஜெர்மனியில் மைசன்காரர்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார்கள். இங்கிலாந்தில் செய்த பீங்கான் சூளையில் வளைந்தது, வெடித்தது, வெந்நீர் ஊற்றினால் விரிசல் விட்டது.

இதற்கு விடையாக வந்ததுதான் போன் சைனா. ஏன் அது 1800ஐ ஒட்டி, அந்த ஊரில் வந்தது என்பதில்தான் எனக்கு ஆர்வம். ஒரு மேதை, ஒரு நாள், ஒரு கண்டுபிடிப்பு என்று கம்பெனிகள் சொல்லும் கதையில் எனக்கு நம்பிக்கை இல்லை. தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

1784இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தேயிலை மீதிருந்த வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதத்துக்கு இறக்கியது. கள்ளக்கடத்தலை ஒழிப்பதற்காக. விளைவு, நேற்றுவரை எட்டாமல் இருந்தவர்களும் தேநீர் குடிக்கத் தொடங்கினார்கள். கோப்பைக்குத் தேவை பெருகியது. அதே சமயம், சீனப் பீங்கானைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து ஏலம் விட்ட கிழக்கிந்தியக் கம்பெனி, அது கட்டுப்படியாகவில்லை என்று 1791இல் மொத்த இறக்குமதியை நிறுத்தியது. சீனத் தட்டில் ஒன்று உடைந்தால் மாற்று வாங்க வழியில்லை. அடுத்தது காப்புரிமை. கார்ன்வாலில் கிடைக்கும் வெள்ளைக் களிமண்ணையும் ஒருவகைக் கல்லையும் சேர்த்து ஒளி ஊடுருவும் பீங்கான் செய்ய 1768இல் வில்லியம் குக்வொர்த்தி காப்புரிமை பெற்றிருந்தார். அது கைமாறி, நாடாளுமன்றத்தில் நீட்டிக்கப்பட்டு, 1796இல்தான் காலாவதியானது. அதுவரை மற்ற குயவர்கள் அந்த மண்ணையும் கல்லையும் ஒளி ஊடுருவாத பாண்டங்களுக்கு மட்டுமே பயன்படுத்தலாம். 1799 வாக்கில் வெளிநாட்டுப் பீங்கானுக்கு இறக்குமதி வரி நூறு சதவீதத்தைத் தாண்டியது.

தேவை இருக்கிறது, போட்டி இல்லை, மண்ணுக்கு இருந்த பூட்டும் திறந்துவிட்டது. 1797இல் முதலாம் ஜொசையா திடீரென்று இறந்தார். மகன் லண்டனிலிருந்து ஸ்டோக்குக்குத் திரும்பினார். அப்பா தொடங்கி வைத்த சோதனைகளை முடித்து, 1800ஐ ஒட்டிச் சந்தைக்குக் கொண்டுவந்தார். முதலில் அதற்கு ‘ஸ்டோக் சைனா’ என்றுதான் பெயர்.

எலும்பு அவர் கண்டுபிடிப்பு அல்ல. லண்டனுக்குக் கிழக்கே போ என்ற இடத்தில் தாமஸ் ஃப்ரை 1749இலேயே எலும்புச் சாம்பலைக் கலந்து காப்புரிமை வாங்கினார். அந்தப் பத்திரத்தில் எலும்பு என்று நேராகச் சொல்லாமல் ‘கன்னி மண்’ என்று சுற்றி வளைத்து எழுதியிருக்கிறார். தொழில் ரகசியம். ஸ்போட் செய்தது, அந்தப் பழைய எலும்பையும் புதிதாகக் கைக்கு வந்த கார்ன்வால் மண்ணையும் கல்லையும் சரியான அளவில் சேர்த்தது. பாதி எலும்புச் சாம்பல், கால் பங்கு களிமண், கால் பங்கு கல். இந்த அளவு பின்னால் ஊர் முழுக்கப் பரவியது. மின்டன், கோல்போர்ட், டார்பி எல்லோரும் அந்த வழிக்கு வந்தார்கள். இன்றும் அடிப்படை மாறவில்லை.

எலும்பு மாட்டினுடையது. குதிரை, பன்றி எலும்பில் இரும்புச் சத்து அதிகம், நிறம் கெட்டுவிடும். எலும்பை வேகவைத்துக் கொழுப்பையும் பசையையும் நீக்கி, ஆயிரம் டிகிரி அளவில் சுட்டு, தண்ணீரில் மாவாக அரைப்பார்கள். அந்தச் சாம்பல் சூளையில் களிமண்ணோடு சேர்ந்து உருகிப் படிகமாகும். வெள்ளை, ஒளி, உறுதி மூன்றும் அதிலிருந்து வருகின்றன. மெல்லிய கோப்பை எளிதில் உடையும் என்று நினைக்கிறோம். போன் சைனா பீங்கான்களில் உறுதியானது. சின்னக் கோப்பையை மேஜையில் கவிழ்த்து அதன்மேல் ஆளை நிற்கவைத்து விற்பவர்கள் உண்டு. வீட்டில் முயல வேண்டாம்.

அம்மா இங்கே மூன்று மாதம் வந்து தங்கியிருந்தபோது அந்தக் கோப்பையில்தான் தேநீர் கொடுத்தேன். சைவம். வெங்காயம் பூண்டுகூட வெள்ளிக்கிழமை சேர்க்காதவர். “எடையே இல்லடா, பூ மாதிரி இருக்கு” என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

“போன் சைனாம்மா.”

“போன்னா?”

“எலும்பு.”

“பேருக்கா, நெசமாவா?”

“நெசமாத்தான். மாட்டெலும்பு. பாதிக்குப் பாதி.”

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய் மிச்சத் தேநீரைத் தன் அத்தை பேர் வெட்டிய டம்ளரில் ஊற்றிக் குடித்தார். மறுநாள் அவரே, “நெருப்புல போட்டா எல்லாம் சாம்பல்தான், விபூதி இல்லையா” என்று எனக்குச் சமாதானம் சொன்னார். ஆனால் ஊர் திரும்பும்வரை அந்தக் கோப்பையைத் தொடவில்லை. நம் வீடுகளில் கண்ணாடி அலமாரியில் விருந்தாளிக்கென்று வைத்திருக்கும் செட்டுகளில் எத்தனை இது என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஸ்போட் என்றதும் சேகரிப்பவர்கள் முதலில் சொல்வது போன் சைனாவை அல்ல, நீலத்தை. 1784 வாக்கில், ஷ்ராப்ஷயரிலிருந்து வந்த ஒரு செதுக்குபவரும் ஓர் அச்சுக்காரரும் துணையிருக்க, முதலாம் ஜொசையா செப்புத் தகட்டிலிருந்து பாண்டத்துக்கு நீல அச்சு இறக்கும் முறையைச் சீர்படுத்தினார். இது போன் சைனா அல்ல, சாதாரண மண்பாண்டம்தான், விலையும் குறைவு. செதுக்கிய செப்புத் தகட்டைச் சூடாக்கி, கோபால்ட் நிறத்தை எண்ணெயில் குழைத்துத் தேய்த்து, மெல்லிய காகிதத்தில் எடுப்பார்கள். அந்தக் காகிதத்தை வெட்டித் தட்டில் ஒட்டி, முரட்டுத் தூரிகையால் அழுத்தித் தேய்த்து, தண்ணீரில் அலசினால் காகிதம் போய்விடும், படம் நிற்கும். பிறகு எண்ணெய் போகச் சுட்டு, மெருகு தோய்த்து, மறுபடி சுடுவார்கள். அச்சு எடுப்பவர் ஆண். காகிதத்தை ஒட்டும் இரண்டு பேரும் பெண்கள். வெட்டிக் கொடுப்பது ஒரு சிறுமி.

‘ப்ளூ இத்தாலியன்’ என்ற நீலத் தட்டு 1816இல் வந்தது, இன்னும் விற்கிறது. நடுவில் இத்தாலிய இடிபாடுகள், ஆறு, ஆடுமாடு. ஓரத்தில் சீன, ஜப்பானியப் பூவேலை. அந்த இடம் இத்தாலியில் எங்கும் கிடையாது, பல இடங்களைச் சேர்த்துத் தைத்த காட்சி. வில்லோ தட்டில் ஓடிப்போகும் காதலர்கள் கதையும் அப்படித்தான். சீனாவில் அப்படி ஒரு பழங்கதை இல்லை. தட்டு வந்து பல ஆண்டு கழித்து ஆங்கிலேயர்கள் எழுதிக்கொண்டது.

நமக்குக் கொஞ்சம் நெருக்கமான ஒன்று இருக்கிறது. வங்காளத்தில் ராணுவ அதிகாரியாக இருந்த தாமஸ் வில்லியம்சன் இந்திய வேட்டைகளைப் பற்றி ஒரு பெரிய படப்புத்தகம் வெளியிட்டார். அவருடைய கோட்டோவியங்களை வைத்து சாமுவேல் ஹோவிட் படம் வரைந்தார். 1805க்கும் 1807க்கும் இடையில் பகுதி பகுதியாக வந்தது. அந்தப் படங்களை எடுத்து ஸ்போட் 1815ஐ ஒட்டி ஒரு முழு விருந்துச் செட் செய்தார்கள். ‘இந்திய வேட்டை வரிசை’ என்று இப்போது சொல்கிறார்கள். ஒவ்வொரு வடிவப் பாத்திரத்துக்கும் ஒரு காட்சி. பெரிய சாப்பாட்டுத் தட்டில் கரடி சாகும் காட்சி. கரும்புத் தோட்டத்திலிருந்து கரடியை விரட்டுவது, மரத்தின்மேல் சிறுத்தையைச் சுடுவது, இப்படிப் போகும். சூப்பைக் குடித்து முடித்தால் அடியில் யாரோ எதையோ கொன்றுகொண்டிருப்பார்கள்.

இந்த வரிசையில் தட்டின் பின்பக்கம் படத்தின் தலைப்பையும் நீலத்தில் அச்சடித்திருப்பார்கள், பக்கத்திலேயே ஸ்போட் முத்திரை. ஒரு பாத்திரத்தின் தலைப்பு, ‘டூரியாக்கள் நாய்களை அழைத்துப் போகிறார்கள்’ என்பது. டூரியா என்றால் வேட்டை நாய்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரர். வடமொழிகளில் ‘டோர்’ என்றால் கயிறு, அதிலிருந்து வந்த சொல். ஆளுக்குப் பெயர் இல்லை. கையில் கயிறு இருக்கிறது, அதனால் கயிற்றுக்காரன். ஆனாலும் ஓர் இந்திய வேலையின் பெயர், சிதைந்த எழுத்தில், ஸ்டாஃபோர்ட்ஷயர்ப் பாத்திரத்தின் அடியில் இருநூறு ஆண்டாக இருக்கிறது.

இப்போது முத்திரைகள். ஏலத்தில் வாங்குபவர்களுக்காகச் சொல்கிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொடக்க கால ஸ்போட் பாண்டங்களில் பெயரை ஈர மண்ணில் அழுத்திப் பதித்திருப்பார்கள், அல்லது சிவப்பில் கையால் எழுதியிருப்பார்கள். பலவற்றில் எதுவுமே இருக்காது. 1810களில் ‘ஸ்டோன் சைனா’ என்ற கனமான வகைக்குச் சீன முத்திரை போன்ற ஒரு சதுரத்தை அச்சடித்தார்கள். சீன எழுத்து மாதிரி கோடுகள், அதற்குள் ஆங்கிலத்தில் ஸ்போட். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். 1806இல் வேல்ஸ் இளவரசர் பட்டறைக்கு வந்துபோனார், இரண்டாம் ஜொசையாவுக்கு அரச குயவர் பட்டம் கிடைத்தது. 1827இல் அவர் இறந்தார். இரண்டு ஆண்டில் அவர் மகனும் இறந்தார். 1833இல் தொழிலை வாங்கியவர் லண்டன் கடையின் பங்காளிக் குடும்பத்து வில்லியம் டெய்லர் கோப்லண்ட். பிறகு லண்டன் மேயராகவும் இருந்தார். தாமஸ் காரெட் அவருடன் சேர்ந்தார். 1833 முதல் 1847 வரை முத்திரை ‘கோப்லண்ட் அண்ட் காரெட்’. அதற்குப் பிறகு கோப்லண்ட்.

ஆனால் ஸ்போட் என்ற பெயரை விட மனமில்லை. ‘லேட் ஸ்போட்’ என்று சேர்த்துக்கொண்டார்கள், முன்னாள் ஸ்போட் என்ற பொருளில். நம் ஊர்க் கடைப் பலகையில் ‘இதற்கு முன் இன்னார் கடை’ என்று எழுதுவது போல. குடும்பம் போய்விட்டது, பெயர் சரக்கோடு சேர்ந்து விலைபோனது.

1870ஐ ஒட்டி மண்பாண்டங்களில் ஒரு சின்னப் பதிவு வருகிறது. மேலே ஓர் எழுத்து, கீழே இரண்டு இலக்கம். எழுத்து மாதம், இலக்கம் ஆண்டு. இது கிடைத்தால் அதிர்ஷ்டம். பொதுவாக எல்லா ஆங்கிலப் பாண்டங்களுக்கும் பொருந்துவது ‘இங்கிலாந்து’ என்ற சொல். எந்த நாட்டில் செய்தது என்று பொருளில் எழுதியிருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890இல் சட்டம் போட்டது, 1891இல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அந்தச் சொல் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. ‘மேட் இன் இங்கிலாந்து’ என்று முழுதாக இருந்தால் அனேகமாக இருபதாம் நூற்றாண்டு. ‘போன் சைனா’ என்ற சொற்களே அடியில் அச்சாகியிருந்தால் அதுவும் அப்படியே. கம்பெனி தொடங்கிய ஆண்டை முத்திரையில் போடுவார்கள், அதைக் கோப்பை செய்த ஆண்டு என்று நினைத்து 1770ஆம் வருஷத்துக் கோப்பை என்று விற்பவர்கள் நிறையப் பேர். பாத்திரம் கழுவும் மிஷினில் போடலாம் என்று அதே முத்திரைக்குள் எழுதியிருக்கும், அதைப் படிக்க மாட்டார்கள்.

சிவப்பில் கையால் எழுதிய எண் மாதிரி எண். பட்டறையில் மாதிரிப் புத்தகங்கள் உண்டு, ஒவ்வொரு வேலைப்பாட்டுக்கும் ஓர் எண். 967 என்றால் நீலம், சிவப்பு, தங்கம் கலந்த ஜப்பானிய பாணிப் பூவேலை, ஸ்போட் பிரியர்களுக்கு மனப்பாடம். எண்ணை வைத்து அந்த மாதிரி எப்போது வந்தது என்று சொல்லலாம், உங்கள் கோப்பை எப்போது வந்தது என்று சொல்ல முடியாது.

என் கோப்பையின் பச்சை அச்சும் சிவப்பு எண்ணும் இப்படித் தீர்ந்தன. மிச்சம் அந்த இரண்டு புள்ளிகள்.

அவை வேலை செய்தவரின் அடையாளம். பூ வரைபவர்களும் தங்கப்பூச்சு வைப்பவர்களும் மாதிரி எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியோ கோடோ எழுத்தோ போடுவார்கள். நீல அச்சுப் பாண்டங்களிலும் அடிவிளிம்பை ஒட்டிச் சின்ன நட்சத்திரம், வட்டம், பெருக்கல் குறி இருக்கும். கலைஞரின் கையெழுத்து என்று இதை நினைத்துவிடக் கூடாது. கூலிக் கணக்கு. டஜனுக்கு இவ்வளவு என்று கூலி, சனிக்கிழமை யார் எத்தனை டஜன் முடித்தார்கள் என்று எண்ண வேண்டும்.

அந்த வட்டாரத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு வழக்கம் இருந்தது. ‘சூளையிலிருந்து நல்லதாக வந்தால்’ என்று அதற்குப் பெயர். தட்டு வனைபவர் நூறு தட்டு வனைந்து கொடுத்தார். சூளையில் நெருப்பு கூடிப்போய் இருபது வளைந்துவிட்டது. நெருப்பு வைத்தது வேறு ஆள். ஆனால் வனைந்தவருக்கு எண்பதுக்குத்தான் கூலி. 1836இல் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தில் இதுவும் ஒரு காரணம். தொழிலாளிகள் தோற்றார்கள். அந்த வழக்கம் இன்னும் பல பத்தாண்டு நீடித்தது.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது மலையகம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் முழுச் சம்பளத்துக்குப் ‘பேர்’ என்று பெயர். கணக்கப்பிள்ளை செக்ரோலில் பேர் போடுவார். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர். மலையகத்திலிருந்து வந்த நண்பர்கள் இங்கே இருக்கிறீர்கள், உங்கள் பாட்டிமார் வாயில் அரைப்பேர் என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். நாள் முழுக்க மலையேறி இறங்கியவருக்குப் பாதிப் பெயர். 1870களுக்குப் பிறகு அந்தத் தேயிலை இங்கிலாந்துக்கு வரத் தொடங்கி இருபதாண்டில் பெருகியது. ‘இங்கிலாந்து’ என்று எழுதிய என் கோப்பைக்குள் முதலில் ஊற்றியது அந்தத் தேயிலையாகவும் இருந்திருக்கலாம்.

போன் சைனாவுக்கே உரிய ஒரு கஷ்டமும் இருந்தது. மெருகு பூசுவதற்கு முன்னால் வரும் முதல் சூடுதான் அதற்கு அதிகம், 1,250 டிகிரி அளவில். அந்தச் சூட்டில் தட்டு இளகும். வளையாமல் தாங்க, சிக்கிமுக்கிக் கல்லை மாவாக அரைத்து அந்தப் பொடியில் பதித்து அடுக்குவார்கள். வெந்த பிறகு ஒட்டியிருக்கும் பொடியைத் தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும். இந்த வேலை பெண்களுக்கு. கதவடைத்த அறையில் நாள் முழுக்கக் கல்தூசி. நுரையீரல் இறுகிப்போகும். ‘குயவர் நோய்’ என்றே ஊரில் பெயர். இருபதாம் நூற்றாண்டில்தான் அந்தப் பொடிக்குப் பதிலாக அலுமினாவைக் கொண்டுவந்தார்கள். மெருகு தோய்ப்பவர்களுக்கு ஈயம். அதைப் பற்றி எங்கெல்ஸ் 1845இலேயே எழுதியிருக்கிறார். மார்க்ஸின் ‘மூலதனம்’ படித்தவர்களுக்கு, வேலை நாள் பற்றிய அத்தியாயத்தில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் ஞாபகம் இருக்கும். ஏழு வயது பத்து மாதத்தில் அச்சு சுமந்து ஓடும் வேலைக்கு வந்தவன். ஈரத் தட்டை அச்சோடு தூக்கிக்கொண்டு உலரும் அறைக்கு ஓட வேண்டும், காலியான அச்சோடு திரும்பி ஓடிவர வேண்டும். அந்தப் பையன் இந்த வட்டாரத்துக் குயவுத் தொழிலாளி. முதலாம் ஜொசையாவும் அப்பா செத்த பிறகு ஏறக்குறைய இந்த வயதில்தான் பட்டறைக்குப் போனவர். ஒரு பையன் கம்பெனிப் பெயரானான். இன்னொரு பையன் விசாரணை அறிக்கையில் ஒரு சாட்சியானான்.

இது இலக்கியக் கூட்டம் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். 1852இல் டிக்கன்ஸ் ஸ்டோக்குக்குப் போய் கோப்லண்ட் பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். தன் வாரப் பத்திரிகையில் அதைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அலுப்பூட்டும் ஒரு சிறு நகர விடுதியில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரிடம், முன்னால் இருக்கும் தட்டு தான் எப்படிச் செய்யப்பட்டேன் என்று நினைவூட்டுகிறது. செய்முறை எல்லாம் அற்புதமாக வருகிறது. ஆனால் ‘ஆலிவர் ட்விஸ்ட்’ எழுதியவர் ஒரு பட்டறைக்குள் நடந்துவிட்டு, சிறுவர்களை இவ்வளவு சாவதானமாகக் கடந்துபோனது எனக்கு உறுத்துகிறது. விருந்தாளியாகப் போனவர் பார்க்கும் இடம் வேறு போலும்.

மிச்சக் கதை சீக்கிரம் முடியும். கோப்லண்ட் குடும்பம் 1966இல் கம்பெனியை ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு விற்றது. 1970இல், இருநூறாம் ஆண்டு என்று, மறுபடி ‘ஸ்போட்’ என்றே பெயர் வைத்தார்கள். 1976இல் ராயல் ஊஸ்டரோடு சேர்த்தார்கள். விலை கட்டுப்படியாகவில்லை என்று உற்பத்தியின் பெரும்பகுதி மெல்லக் கிழக்கு ஆசியாவுக்குப் போனது. சீனப் பீங்கானைப் பார்த்துச் செய்யத் தொடங்கிய தொழில். 2008 நவம்பரில் கம்பெனி திவாலானது, சர்ச் தெருவில் இருந்த பட்டறை நின்றது. 2009இல் போர்ட்மெய்ரியன் என்ற ஸ்டோக் கம்பெனி பெயரை வாங்கி, ப்ளூ இத்தாலியனை மறுபடி ஸ்டோக்கிலேயே செய்யத் தொடங்கியது. பழைய பட்டறையில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான செப்புத் தகடுகளும் அச்சுகளும் அங்கே மிஞ்சின.

நான் அங்கே போயிருந்தபோது என் கோப்பையையும் எடுத்துப் போனேன். பட்டறையில் பல ஆண்டு வேலை செய்த ஒரு பெண்மணியிடம் அந்த இரண்டு புள்ளிகளைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். யார் என்று இனிச் சொல்ல முடியாது, ஆனால் ஒரே தூரிகை, எண்ணை எழுதிய அதே கை என்றார். பிறகு கோப்பையை நிமிர்த்தி, விளிம்பில் ஓடும் தங்கக் கோட்டை விரலால் சுற்றிக் காட்டினார். கோடு தொடங்கிய இடமும் முடிந்த இடமும் எங்கே என்று கண்டுபிடிக்கச் சொன்னார். என்னால் முடியவில்லை. “அதற்குத்தான் அவளுக்குக் கூலி” என்றார்.

கேள்விகளுக்குப் போகலாம். உங்கள் வீட்டுக் கோப்பையின் அடியைக் காமிராவில் காட்ட விரும்புபவர்கள் காட்டலாம், பார்த்துச் சொல்கிறேன். தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத் திருப்புங்கள்.